பாலத்தின் மற்றப் பாதி

சுவான்ஹைம்
3.9.2024

லக்ஸனின் அப்பாவுக்கு,

ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற மனுசனுக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாள், இவளுக்கென்ன விசரா என்று நினைப்பீர்கள். மூன்று கிலோமீற்றர் தூரம். நினையுங்கோ. உங்கள் ரெலிபோன் இலக்கத்தை நான் மறித்து வைத்திருப்பது கோபத்தில் மட்டுமில்லை. உங்கள் குரலும் பிள்ளையின் குரலும் ஒன்று. நீங்கள் "ஹலோ" என்றால் அவன்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துவிடுகிறேன். அதனால்தான் கடுதாசி.

விசயத்துக்கு வருகிறேன். நவம்பர் 16 சனிக்கிழமை, பத்து மணிக்குப் பிள்ளையின் ஆண்டுத் திருப்பலி. இந்தப் பக்கத்துக் கோயிலில்தான். சுவாமியிடம் சொல்லியாயிற்று. வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டும். கோட்டுச் சூட்டு போட்ட படமும் மெழுகுதிரியும் ரோசாப்பூவும் எனக்கு வேண்டாம். இருபது வயதுப் பிள்ளையை ஏன் கலியாண மாப்பிள்ளை மாதிரிக் காட்ட வேண்டும்? அவன் கடைசியாகச் செதுக்கிய படத்தைப் போடப்போகிறேன். மைன் ஆறும் நடைபாலமும்.

அவன் செதுக்கிய அந்த அச்சுப் பலகை உங்கள் வீட்டில் இருக்கிறது. அதைத் தொடாமல், அப்படியே ஒரு துணியில் சுற்றி அனுப்புங்கோ. டார்ம்ஸ்டாட்டில் அவன் அவுஸ்பில்டுங் என்று தொழில் பழகிய அச்சுப் பட்டறையில் அவனுக்குப் பழக்கிய யூலியா நூற்றிருபது அட்டை அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பலகையிலிருந்து அவன் எடுத்த மாதிரித் தாள் ஒன்றே ஒன்று. அது என்னிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவனுடைய பையோடு தந்தார்கள். அதன் குறுக்கே உங்கள் சிவப்புப் பென்சில் கோடு ஓடுகிறது. அதை நான் கோயிலில் கொடுக்க ஏலாது.

பிளோறன்ஸ்


கிரீஸ்ஹைம்
9.9.2024

பிளோறன்ஸ்,

உமது கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு திருத்தம். மூன்று கிலோமீற்றர் இல்லை. நடைபாலத்தால் வந்தால் என் வாசலிலிருந்து உமது வாசலுக்கு ஆயிரத்து எழுநூறு மீற்றர். பஸ்ஸில் சுற்றி வந்தால் ஆறு கிலோமீற்றருக்கு மேல். நான் இப்போது பஸ்ஸில்தான் போய்வருகிறேன்.

பூசைக்கு வருவேன். செலவில் பாதி என்னுடையது.

பலகை இன்னும் அச்சுக்குத் தயாரில்லை. அதைவிட ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் பிழை இருக்கிறது. பாலம் நட்ட நடுவில் முறிந்த கை மாதிரி வளைந்து நிற்கிறது. கிட்ட இருக்கும் பாதி வலது பக்கத்து ஒரு புள்ளியை நோக்கி ஒடுங்குகிறது. தூரத்துப் பாதி இடது பக்கம் வேறொரு புள்ளிக்கு ஓடுகிறது. நான் முப்பது வருசம் அடுத்தவன் கீறிய வரைபடங்களைப் பார்த்துத் திருத்திச் சம்பளம் எடுக்கிறவன். தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத்தான் எல்லாக் கோடும் சேரும். பார்க்கிறவன் ஒரு இடத்தில் நிற்கிறான், அதனால் புள்ளியும் ஒன்று. இது ஐரோப்பாக்காரன் ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முதலே கண்டுபிடித்துப் போட்ட கணக்கு.

அவனுக்குத் திறமை இருந்தது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன். நூற்றிருபது பேர் வீட்டுக்குக் கொண்டுபோகிற அட்டையில் பிள்ளையின் பிழையையா காட்டுவது? சின்ன வயதில் அவன் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்த படம் என்னிடம் வடிவாக இருக்கிறது. அதைப் போடுவோம்.

யாகோப்பு


சுவான்ஹைம்
14.9.2024

லக்ஸனின் அப்பாவுக்கு,

வெட்கமாயில்லையா உங்களுக்கு? செத்த பிள்ளையிடமும் பிழை பிடிக்கிறீர்கள்.

என் குழம்பில் உப்பைத் திருத்தினீர்கள். நான் ஜெர்மனில் பேசினால் நடுவில் புகுந்து, ஆட்கள் முன்னால் திருத்தினீர்கள். என் அம்மா செத்த செய்தி வந்து நான் குழறி அழுதபோதும் "சத்தம் போடாதையும், கீழ்வீட்டுச் சனம் என்ன நினைக்கும்" என்று அழுகையையும் திருத்தினீர்கள். இருபத்திரண்டு வருசம் பொறுத்துத்தான் நான் வெளிக்கிட்டு வந்தேன். எனக்கு உங்களைத் தெரியும். ஆனால் பிள்ளை உங்களை விட்டு வரவில்லையே. கிழமையில் மூன்று நாள் என்னோடும் நாலு நாள் உங்களோடும் என்று, ஒருவருக்கும் நோகாமல் சைக்கிளில் ஆற்றைக் கடந்து கடந்து திரிந்தானே.

போன வருசம் ஒக்ரோபரில் அவன் என்னை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனான். பழைய ஜப்பான் மரஅச்சுப் படங்கள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன், கால்வலி வேறு. ஒரு படத்துக்கு முன்னால் என்னை நிற்பாட்டி வைத்துவிட்டான். பெரிய மண்டபம், அதன் தரைப்பலகைகள் உள்ளே போகப் போக ஒடுங்குகின்றன, நீங்கள் சொல்கிற கணக்குத்தான். ஆனால் மண்டபத்துக்கு அப்பால் மலையும் கடலும் அந்தக் கணக்கில் இல்லை. தூரத்தில் இருப்பது சின்னதாகாமல் மேலே மேலே ஏறி நிற்கிறது. நான் கேட்டேன்:

"இதென்னடா, ரெண்டு பேர் கீறினதோ?"

அவன் சிரித்த சிரிப்பில் காவலுக்கு நின்ற மனுசி திரும்பிப் பார்த்தாள்.

"இல்லையம்மா, ஒராள்தான். ஒல்லாந்துக் கப்பலிலை வந்த படங்களைப் பாத்து இந்தக் கணக்கைப் பிடிச்சவை. பிடிச்சாலும், தங்கட பழைய பார்வையை விடேல்லை. ரெண்டையும் ஒரே தாளிலை வைச்சிட்டினம்."

"அப்ப பிழைதானே?"

"தெரியாமல் செய்தால் பிழை. தெரிஞ்சுகொண்டு செய்தால் விருப்பம்."

இன்னொரு படத்தில் கடல் முழுக்க ஒரு நீலம். அந்த நீலம் பெர்லினில் பிறந்தது, கப்பலேறி ஜப்பானுக்குப் போய்ப் படமாகித் திரும்பி வந்தது என்றான். "எங்களைப் போலை அலைஞ்சிருக்கு" என்றேன். அவனுடைய ஆற்றுக்கும் அந்த நீலம்தான் பூசப்போவதாகச் சொன்னான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை வேண்டுமாம். நீலத்துக்கான பலகையை அவன் செதுக்கவில்லை. செதுக்க நாள் கிடைக்கவில்லை.

முதல் நன்மைப் படம் வேண்டாம். பலகையை அனுப்புங்கோ. "தயாரில்லை" என்றால் என்ன கருத்து? அவன் செதுக்கி முடித்துத்தானே மாதிரித் தாள் எடுத்தவன்?

பிளோறன்ஸ்


கிரீஸ்ஹைம்
29.9.2024

பிளோறன்ஸ்,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

அன்றைக்கு நடந்ததை நான் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, காலை. வெளியில் தூறல். அவன் மாதிரித் தாளைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கண்ணாடியைப் போட்டேன். பாலத்தைப் பார்த்தேன். என் கை தானாகச் சிவப்புப் பென்சிலுக்குப் போனது. அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தேன். "இஞ்சை பார், பாலம் இப்பிடித்தான் போகவேணும். எந்த மடையன் இப்பிடி வளைச்சுக் கட்டுவான்?" என்றேன்.

"அது அப்பிடித்தான் அப்பா," என்றான்.

"ஏன் அப்பிடி? காரணத்தைச் சொல்லு."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு தாளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டான். நான் கோப்பையை எடுத்துக் குடித்தேன். தேத்தண்ணி இன்னும் சூடாக இருந்தது. அவ்வளவு நேரம்தான் அந்தச் சண்டை.

இனி நீர் கேட்டதற்கு மறுமொழி. பலகை, அவன் விட்டபடி இல்லை.

சனவரியில் நான் அதை எடுத்தேன். வேலையால் வந்து சும்மா இருக்க ஏலாமல் இருந்தது. பிள்ளை விட்டுப்போன வேலையை ஒரு பிழையும் இல்லாமல் முடித்துவைத்தால், அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது போல இருக்கும் என்று நினைத்தேன். என் அப்பா பாசையூரில் வள்ளம் கட்டிய ஓடாவி, மரவேலை எனக்குக் கைவரும். பாலத்தின் தூரத்துப் பாதியை உளியால் தோண்டி எடுத்தேன். அந்தப் பள்ளத்தில் அதே பேரிமரத்தில் ஒரு துண்டை வெட்டி இறுக்கி ஒட்டி, கிட்டப் பாதியோடு நேராகச் சேரும்படி செதுக்கினேன். மூன்று மாதம் எடுத்தது. ஒட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்க ஏலாது. நல்ல வேலை, பிளோறன்ஸ். நான் செய்ததில் அதுதான் மிக நல்ல வேலை.

தோண்டிய மரத்தூளைக் குப்பையில் போட்டேன்.

உம்மிடம் இருக்கும் மாதிரித் தாளை அனுப்பினால், அதைப் பார்த்து அச்சொட்டாய் அவன் செதுக்கியபடியே திரும்பச் செதுக்கித் தருகிறேன். சத்தியமாய்ச் செய்வேன்.

யாகோப்பு


சுவான்ஹைம்
6.10.2024

தாளைத் தரமாட்டேன். அவனுடைய பாலத்தை உங்கள் கையால் இன்னொருமுறை செதுக்க வேண்டாம்.

நீங்கள் தோண்டி எறிந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன், கேளுங்கோ.

படத்தின் கிட்டப் பாதி உங்கள் பல்கனி. ஐந்தாம் மாடியிலிருந்து, ஆற்றோரப் பாதையும் பொப்ளர் மரவரிசையும், வலது பக்கமாய் இறங்கிப் போகிற பாலமும். தினமும் நீங்கள் பார்க்கிறதுதானே. தூரத்துப் பாதி என் குசினி ஜன்னல். இங்கே நின்று பார்த்தால் பாலம் இடது பக்கம் சாய்ந்து போகும். அவன் உங்கள் வீட்டில் நின்று பாதி கீறினான். என் வீட்டுக்கு வந்து, இந்தக் குசினி மேசையில், நான் வெங்காயம் வெட்டுகிற பலகையைத் தள்ளி வைத்துவிட்டு மற்றப் பாதி கீறினான். இரண்டும் ஆற்றுக்கு நடுவில் சந்திக்கிற இடத்தில் கொஞ்சம் வளைந்தது. வளையாமல் என்ன செய்யும்?

"காரணத்தைச் சொல்லு" என்றீர்களாம். எப்படிச் சொல்லுவான்? "அம்மான்ர கதை இந்த வீட்டிலை வேண்டாம்" என்று நான் வெளிக்கிட்ட அன்றைக்கே அவனிடம் சட்டம் போட்டது யார்? இரண்டு வருசம் பிள்ளை உங்கள் வீட்டில் என் பெயரை எடுக்கவில்லை. என் ஜன்னலைச் சொல்லாமல் அந்த வளைவுக்கு அவன் என்ன நியாயம் சொல்லுவான்? வாயைத் திறந்து மூடினானாம். ஐயோ என்ரை பிள்ளை!

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அவன் வருகிற நாட்களில் நான் ஜன்னலில் நிற்பேன். பாலத்தின் அந்தத் தலைப்பில் ஒரு சின்னப் புள்ளியாய் ஏறுவான். வரவரப் பெரிசாவான். நீலச் சட்டை தெரியும், பிறகு முகம் தெரியும், பிறகு கீழே மணி அடிக்கும். அன்றைக்கும் நின்றேன். பாலத்தில் பாதி தாண்டி வந்துவிட்டான். புட்டு அவிந்துவிட்டது என்று அடுப்புப் பக்கம் திரும்பினேன். மணி அடிக்கவில்லை. பாலத்தால் இறங்குகிற சரிவில், ஈரச் சருகில் சைக்கிள் வழுக்கி, கற்கட்டில் தலை அடிபட்டு, ஒரு வாகனமும் இல்லை, ஒருவரும் இல்லை. நான் புட்டுக் கொட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நீங்கள்தான் கொன்றீர்கள் என்று ஒரு வருசம் சொல்லிக்கொண்டு இருந்தேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு அடுப்படியில் நிற்க ஏலும். இப்போது அதுவும் ஏலாமல் இருக்கிறது.

பலகையை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கோ.

பிளோறன்ஸ்


கிரீஸ்ஹைம்
20.10.2024

பிளோறன்ஸ்,

உமது கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகப்போகிறது. முதல் நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையின் செத்தவீட்டு நாட்களை விட்டால், முப்பது வருசத்தில் அது முதல் தடவை.

பிறகு டார்ம்ஸ்டாட்டுக்குப் போய் யூலியாவிடம் பலகையைக் காட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்து, ஒட்டை உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஒருவரும் கண்டுபிடிக்க ஏலாது என்று எழுதியிருந்தேனே. திட்டவில்லை. பழைய ஜப்பான் படங்கள் நாலைந்தை ஒரு புத்தகத்தில் காட்டினாள். தெருவின் இரண்டு பக்கத்துக் கடைகளும் வெவ்வேறு புள்ளிக்கு ஓடுகின்றன. என் கண் முதலில் பிழை பிழை என்றுதான் சொன்னது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்தத் தெருவில் நடந்துபோகிற ஆளுக்கு அப்படித்தான் தெரியும் என்று பட்டது. ஒரு இடத்தில் நிற்கிறவனுக்குத்தான் ஒரு புள்ளி. நடக்கிறவனுக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொன்று. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தவன் அவன்தான்.

அவள் சொன்னாள், "லக்ஸன் இந்த வளைவைப் பதினொரு தரம் கீறினான், நேராக வந்துவிடக்கூடாது என்று கஷ்டப்பட்டான்" என்று.

வீட்டுக்கு வந்து நான் ஒட்டிய துண்டைக் கழற்றினேன். நல்லாய் ஒட்டியிருந்ததால் நல்லாய்ப் பாடுபட்டேன். இப்போது அந்த இடத்தில் வெறும் பள்ளம். அச்சடித்தால் வெள்ளையாய் விழும். யூலியா ஒன்று அடித்துத் தந்தாள், இத்தோடு வைத்திருக்கிறேன். என் பாதி இருக்கிறது. பாலம் ஆற்றுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. உமது பாதியை நான் வெட்டி எறிந்துவிட்டேன். இதற்கு என்ன மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் பாலத்துக்குப் போனேன், அன்றைக்குப் பிறகு முதல்தரம். நடு வரைக்கும் போனேன். அங்கே நின்று உமது வீடு எது என்று தேடினேன். எத்தனையோ ஜன்னல். எது உம்முடையது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு அப்பால் கால் போகவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

பலகை யூலியாவிடம் இருக்கிறது. இனி உமது விருப்பம்.

யாகோப்பு


சுவான்ஹைம்
10.11.2024

இஞ்சருங்கோ,

நூற்றிருபது அட்டையும் அடித்து வந்துவிட்டன. பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும், வெள்ளை வெள்ளையாகவே விழட்டும் என்று யூலியாவிடம் சொன்னேன். ஆற்றுக்கு அந்தப் பெர்லின் நீலத்தைக் கையால் பூசித் தந்திருக்கிறாள்.

எட்டு நாளாய்க் குசினி மேசையில் இருக்கிறேன். வேலையால் வந்தவுடனே இருப்பேன், பொழுதுபடுமட்டும், ஜன்னலைப் பார்த்துப் பார்த்து மற்றப் பாதியைப் பென்சிலால் கீறுகிறேன். வெள்ளை விழுந்த இடத்தில், ஒவ்வொரு அட்டையாய். பள்ளிக்கூடத்தில் மாங்காய் கீறச் சொன்னால் கத்தரிக்காய் கீறினவள் நான். கோணல்மாணலாய்த்தான் இருக்கிறது. ஒன்றைப்போல ஒன்று இல்லை. சிலதில் பாலம் பாம்பு மாதிரிப் போகிறது. ஒருவரும் திருத்த வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வருசமாய் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். வேண்டுமென்றுதான் வைத்திருந்தேன். அதைச் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாய்ப் போய்விடும், உங்களுக்கு ஆறுதல் வரக்கூடாது என்று. அன்றைக்கு உங்கள் வீட்டுப் படியால் இறங்கும்போது அவன் எனக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினான். படிச்சத்தமும் மூச்சும் கேட்கிறது. கோபம் இல்லை. நான் சொல்லாமல் விட்ட பாவத்தை ஆண்டவர்தான் மன்னிக்க வேண்டும்.

"அம்மா, வெளிக்கிட்டிட்டன், பசிக்குது. அப்பா கோடு போட்டிட்டார், அது பரவாயில்லை. அவருக்கு அங்காலை தெரியாதுதானே. ஒருநாளைக்கு அவரை உங்கட குசினிக்குள்ளை கொண்டுவந்து நிப்பாட்டவேணும். அப்பதான் விளங்கும்."

இவ்வளவுதான். பூசை பத்து மணிக்கு.

பிளோறன்ஸ்


கிரீஸ்ஹைம்
17.11.2024

பிளோறன்ஸ்,

நேற்றுப் பூசைக்கு வந்தேன். பஸ்ஸில்தான் வந்தேன், பாலத்தால் வர முடியவில்லை. கடைசி வாங்கில் இருந்தேன். சுவாமி அவன் பெயரை "லட்சன்" என்று இரண்டு தரம் பிழையாய்ச் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன்.

நீர் வாசலில் நின்று எல்லோருக்கும் அட்டை கொடுத்தபோது நானும் வரிசையில் வந்தேன். நீர் என் கையைப் பார்த்துக் கொடுத்தீர், முகத்தைப் பார்க்கவில்லை. சரி. நான் வாய் திறக்கவில்லை, என் குரல் உமக்குக் கேட்கக்கூடாது என்று.

அட்டை இப்போது என் முன்னால் இருக்கிறது. காலையிலிருந்து இதைத்தான் பார்க்கிறேன். என் பக்கத்துப் பாதி அவன் செதுக்கியது. உமது பக்கத்துப் பாதி நீர் கீறியது, நடுங்கின கோடு. இரண்டும் நடுவில் தொடவில்லை. நாலு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது, அதற்குள்ளால் நீலம் தெரிகிறது. உம்முடைய கை எட்டாமல் விட்டதோ, வேண்டுமென்று விட்டீரோ, நான் கேட்கமாட்டேன். சிவப்புப் பென்சில் அதே மேசையில்தான் கிடக்கிறது. நான் தொடவில்லை.

அந்தச் செய்தியை எழுத்தில்தான் வாசித்தேன். குரலைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை. ஆனால் அவன் கேட்டது ஒன்றுதானே. நீர் என்னைக் கூப்பிடவில்லை, அது எனக்குத் தெரியும். அவன்தான் கூப்பிட்டிருக்கிறான்.

வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே வருகிறேன். இருக்கச் சொல்ல வேண்டாம், தேத்தண்ணி வைக்க வேண்டாம். ஜன்னலடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். கதவைத் திறக்க மனம் வராவிட்டால் திறவாமல் விடும், நான் திரும்பிப் போகிறேன்.

பஸ்ஸில் வரமாட்டேன். பாலத்தால் நடந்து வருகிறேன். ஜன்னலில் நின்றீரானால் தெரியும், தொடக்கத்தில் சின்னப் புள்ளியாய்த்தான் தெரிவேன். அடுப்புப் பக்கம் திரும்பிப்போடாதையும்.

யாகோப்பு